"ஃபைட் எப்ப மாமா வரும்?"

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்' போட்டேன். 1978-இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் எடுத்த குங்ஃபூ படம். லாவ் கார்-லியுங் இயக்கம், கார்டன் லியு நாயகன். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பையன் நெளிய ஆரம்பித்தான். நாயகன் சண்டை கற்க ஷாவ்லின் கோவிலுக்குள் போய்ச் சேர்ந்ததும், "ஃபைட் எப்ப மாமா வரும்?" என்றான். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வருவதற்குள் ரிமோட்டை எடுத்துப் பத்துப் பத்து நொடியாகத் தள்ளி, பயிற்சிக் காட்சிகள் மொத்தத்தையும் தாண்டியிருந்தான்.

அவன் தாண்டியதுதான் படம்.

நாயகன் வந்த வேகத்தில் நேராகப் பயிற்சி அறைகளில் உச்ச அறைக்குள் நுழைகிறான். அங்கே நிற்கக்கூட முடியாமல் வெளியே வந்து விழுகிறான். சரி, அடியிலிருந்தே வருகிறேன் என்று இறங்குகிறான். முதல் அறை என்னவென்று நினைக்கிறீர்கள்? சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும் வழியில் தண்ணீர், அதில் மிதக்கும் மரக்கட்டைகள். கால் வைத்துத் தாண்டினால் சோறு. விழுந்தால் நனைந்த உடம்போடு பசி. அடுத்தது, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியபடி வாளிகளில் தண்ணீர் சுமந்து மேடேற வேண்டும். கையில் கத்தி கட்டியிருக்கும். கை தாழ்ந்தால் விலாவில் குத்தும். அப்புறம் நீளமான கழியின் நுனியில் சுத்தியலைக் கட்டி மணி அடிப்பது, மணிக்கட்டுக்காக. தொங்கும் மூட்டைகளைத் தலையால் முட்டுவது. இப்படி அறை அறையாக, எதிரி என்று ஒருவனும் கண்ணில் படாமல், படத்தின் பெரும்பகுதி ஓடும். எனக்கு ஒரு நிமிடம்கூட அலுத்ததில்லை.

லாவ் கார்-லியுங்குக்கு இது கற்பனை இல்லை. அவருடைய அப்பா லாம் சாய்-விங்கின் சீடர். லாம் சாய்-விங், புகழ்பெற்ற குங்ஃபூ ஆசான் வோங் ஃபெய்-ஹங்கின் சீடர். அடி வாங்கிக் கற்ற வம்சம். எதைக் காட்ட வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

(இந்த இடத்தில் யாராவது போதிதர்மரைக் கூட்டிக்கொண்டு வருவீர்கள். அவர் ஷாவ்லினில் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்ற கதைக்கு 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய ஆதாரம் கிடையாது. அந்தச் சண்டையை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

இதே சுகத்தை எனக்குக் கொடுத்த இன்னொன்று ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டு. 2006-இல் எங்கள் தெரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய். எதையும் இன்ஸ்டால் பண்ண விடமாட்டார் அந்த அண்ணன். ரூன்ஸ்கேப் பிரவுசரிலேயே ஓடும், அதனால் தப்பித்தேன். நான் அதில் டிராகனைக் கொன்றேன், கோட்டையைப் பிடித்தேன் என்றெல்லாம் நினைக்காதீர்கள். இறால் பிடித்தேன். கரம்ஜா தீவுக்கு 30 காசு கொடுத்துக் கப்பலேறி, துறையில் நின்று, கூண்டு போட்டுச் சிங்கி இறால். அதற்கே மீன்பிடித்தலில் 40ஆம் லெவல் வேண்டும். பை நிறைந்ததும் மறுபடியும் கப்பல், மறுபடியும் வங்கி. பக்கத்தில் பத்துப் பேர் நிற்பார்கள். எந்த ஊர், எந்த நாடு, ஒன்றும் தெரியாது. அதில் ஒருவன் தினமும் வருவான். கூண்டை எங்கே மலிவாக வாங்குவது, இறாலை எங்கே விற்றால் லாபம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். நான் அவனை "மாஸ்டர்" என்று கூப்பிட்டேன். சிரித்தான். அவனுக்கு அந்தப் படங்கள் தெரிந்திருக்குமோ என்னவோ.

விளையாடுகிறவர்கள் இதற்குக் கிரைண்டிங் என்பார்கள். எங்கள் அம்மா ஒருமுறை பார்த்துவிட்டு, ஆங்கிலம் தெரியாமலே சரியாக மொழிபெயர்த்தார்: "இதுக்கு நீ மாவாவது ஆட்டியிருக்கலாம்."

அதில் ஒரு கணக்கு உண்டு. ஒரு திறமையில் 99ஆம் லெவலை எட்ட 1,30,34,431 புள்ளி வேண்டும். 92ஆம் லெவலில் நிற்கும்போது கையில் இருப்பது 65,17,253. அதாவது 92 என்பதுதான் பாதி வழி. முதல் 92 லெவலுக்கு எவ்வளவு உழைத்தாயோ, கடைசி ஏழுக்கும் அவ்வளவு. இதைக் கேட்டு ஒரு நண்பன், "பைத்தியக்காரத்தனம்" என்றான். இருக்கலாம். ஆனால் 99 எட்டியவர்களுக்கு ஒரு மேலங்கி உண்டு. அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் எதிரே வந்தால், அவர் எத்தனை நாள் எந்தத் துறையில் நின்றார் என்று பார்த்ததும் புரியும். வூஷியா என்கிற சீன வாள்வீரர் படங்களில் சத்திரத்துக்குள் நுழையும் கிழவர் தேநீர்க் கிண்ணத்தை வைக்கும் விதத்திலேயே மொத்தச் சத்திரமும் அடங்கிப்போகுமே, அந்த மரியாதை.

அக்கா மகன் கைபேசியில் ஆடும் விளையாட்டைப் பார்த்தேன். சீனக் கதைக்களம்தான், வாள், மேகம், கூரைமேல் ஓட்டம் எல்லாம் உண்டு. மூலையில் 'ஆட்டோ' என்று ஒரு பொத்தான். அழுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். கேரக்டர் தானே நடந்து, தானே அடித்து, தானே லெவல் ஏறிக்கொண்டிருந்தது. அதுவும் போதாதென்றால் காசு கட்டித் தாண்டலாம்.

நானும் கட்டியிருக்கிறேன், மறைப்பானேன். பெயர் வேண்டாம், ஒரு விளையாட்டில் 799 ரூபாய்க்கு நாற்பது லெவல் ஒரே தாவலில். மூன்றாம் நாள் அழித்துவிட்டேன். கையில் பெரிய வாள் இருந்தது. அதைப் பிடித்திருக்கும் ஆள் யாரென்று எனக்குத் தெரியவில்லை.

எரிச்சல் என்னவென்றால், வூஷியா பிறந்த மண்ணிலேயே இந்த வியாபாரம் கொழித்தது. 2006-இல் அங்கே 'ஜெங்து' என்ற ஆன்லைன் விளையாட்டை ஷி யூஜு கொண்டுவந்தார். அதற்கு முன் சத்து மருந்து விற்றுப் பேர் வாங்கியவர். விளையாட்டு இலவசம், பலம் காசுக்கு. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் நியூயார்க் பங்குச்சந்தைக்குப் போய்விட்டது. முதலில் தண்ணீர் சுமக்கும் வழியை வேண்டுமென்றே நீட்டுவது, பிறகு லிஃப்டுக்கு டிக்கெட் விற்பது. அலுப்பைத் தயாரித்து, அதற்கு மருந்தையும் அதே கடையில் வைக்கிற தந்திரம்.

ஆங் லீயின் 'கிரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தில் இந்தக் குறுக்கு வழி அப்படியே இருக்கிறது. ஜேட் ஃபாக்ஸ் வூடாங் மடத்தின் ரகசியச் சண்டைச் சுவடியைத் திருடி வைத்திருப்பாள். எழுத்துத் தெரியாது, படங்களைப் பார்த்தே பழகுவாள். அவளிடம் கற்ற ஜென் என்ற பெண்ணோ எழுத்தையும் படித்துவிட்டு வாயைத் திறக்காமல் இருப்பாள். ஒருத்தி ஏமாந்தாள், இன்னொருத்தி ஏறிவிட்டாள். ஆனால் ஜென்னுக்கும் எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. ஒரு சத்திரம் முழுக்க அடித்து நொறுக்குவாள். பார்க்கக் கொண்டாட்டமாக இருக்கும். அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாகவும் இருக்கும்.

நான் பழம்பெருமை பேசுகிறேன் என்று தோன்றலாம். பாதி உண்மை. கார்டன் லியு கையில் கட்டியது கத்தி. நான் தேய்த்தது ஆள்காட்டி விரல். இரண்டையும் ஒன்று என்று சொல்ல எனக்கே கூச்சம். பழைய விளையாட்டுகளும் தர்மத்துக்கு நடக்கவில்லை. மாதச் சந்தா வசூலித்த நிறுவனங்களுக்கு நாம் மெதுவாக ஏறினால்தான் லாபம். அந்த மணிநேரங்களில் நான் மிருதங்கம் கற்றிருக்கலாம், அம்மா சொன்னபடி மாவாட்டியிருக்கலாம். இருந்தாலும் அந்தத் துறையில் நின்றது நான். எனக்குப் பதிலாக ஒரு பொத்தான் நிற்கவில்லை.

பையன் வரும் சனிக்கிழமை மறுபடி வருகிறான். படத்தை முதலிலிருந்து போடப்போகிறேன். தண்ணீரை முன்கூட்டியே குடித்துவிட்டு உட்காருவதாக உத்தேசம். ரிமோட் என் சட்டைப் பையில்.