தணிக்கைக்கு வந்த ஆடு

(வசந்தி துளைகள் நிறைந்த கான்வாஸ் துணியில் ஓர் ஆட்டின் படத்தை நூலால் தைத்துக்கொண்டிருக்கிறாள்.)

பெரியப்பா: வசந்தி, நூல் தொங்குகிறது.

வசந்தி: தெரியும், பெரியப்பா.

பெரியப்பா: ஒன்றிரண்டு இல்லையம்மா. ஆட்டின் முதுகில் தொங்குகிறது, வயிற்றில் தொங்குகிறது, வாலில்கூடத் தொங்குகிறது.

வசந்தி: அது ரோமம். ஆட்டுக்கு இருக்கும்.

பெரியப்பா: எனக்கா சொல்கிறாய்? ஆயுள் முழுவதும் தணிக்கைத் துறையில் குப்பை கொட்டியவன். குறை என்றால் எங்கே ஒளிந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. இழுத்து இறுக்காமல் விட்ட தையல் எது என்று எனக்குத் தெரியாதா?

வசந்தி: உங்கள் கோப்புகளில் கான்வாஸ் தையல் எத்தனை வந்தது?

பெரியப்பா: எதுவாக இருந்தால் என்ன, விதி ஒன்றுதான். இதோ பார், தொடங்கிய நூலின் நுனியைக்கூட முன்பக்கமே விட்டிருக்கிறாய். முடிச்சு எங்கே?

வசந்தி: இது துருக்கித் தையல், நூலை முன்பக்கம் தொங்கவிட்டே தைப்பது. இதற்கு நுனியில் முடிச்சுப் போடுவதில்லை. முன்பக்கத்திலிருந்து ஊசியை நடுத்துளையில் இறக்கி, நுனியை வெளியே விட்டுத்தான் தொடங்க வேண்டும். இடப்பக்கத்துத் துளையில் மேலே வந்து, வலப்பக்கத்துத் துளையில் இறங்கி, மறுபடி நடுத்துளையில் மேலே வந்து இறுக்கினால் அது பூட்டு. அடுத்த தையலை இறுக்காமல் வளையமாக விட்டால் கண்ணி. பிறகு மறுபடி பூட்டு, மறுபடி கண்ணி.

பெரியப்பா: அதாவது, ஒன்றுவிட்டு ஒன்று இறுக்க மறந்துவிடுகிறாய்.

(வசந்தி ஊசியைக் கான்வாஸின் ஓரத்தில் குத்தி வைக்கிறாள். தைத்துக்கொண்டிருப்பவர் ஊசியைக் குத்தி வைத்தால் எதிரில் இருப்பவர் எழுந்து போய்விடுவது நல்லது. இது பெரியப்பாக்களுக்குத் தெரிவதில்லை.)

பெரியப்பா: கொடு இப்படி. பின்பக்கத்தைப் பார்க்கிறேன். எந்தக் கணக்கையும் பின்பக்கம் பார்த்தால்தான் உண்மை தெரியும்... அடடா! என்ன சுத்தம்! சின்னச் சின்னக் கோடுகள், வரிசை பிசகவில்லை, ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. வசந்தி, குழப்பம் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். நீ பின்பக்கத்தை முன்பக்கம் என்று நினைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாய்.

வசந்தி: அந்தப் பக்கத்தில் ஆட்டுக்குக் கண் இருக்கிறதா, பெரியப்பா?

பெரியப்பா: இல்லை.

வசந்தி: மூக்கு?

பெரியப்பா: அதெல்லாம் இனிமேல் தைத்துக்கொள்ளலாம். சுத்தம்தான் முக்கியம்.

வசந்தி: மற்ற தையல்களில் நூல் நுனியெல்லாம் பின்பக்கம் போகும். இதில் எல்லாம் முன்பக்கமே நிற்கும். அதனால்தான் பின்பக்கம் அப்படி இருக்கிறது. என்ன செய்கிறீர்கள்? இழுக்காதீர்கள்!

பெரியப்பா: ஒன்றே ஒன்றை இறுக்கிக் காட்டுகிறேன். அப்புறம் நீயே... வரவில்லையே?

வசந்தி: வராது. அதற்குத்தான் பூட்டு.

பெரியப்பா: தொங்குகிறது, ஆனால் வரவில்லை. இப்படி ஒரு பாக்கிக் கணக்கை நான் பார்த்ததே இல்லை.

(வசந்தி கான்வாஸை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடர்கிறாள். இடக்கைக் கட்டைவிரல் புதிய கண்ணியை அழுத்திப் பிடித்திருக்கிறது. வலக்கை அதற்கு மேலே நூலைச் சுற்றவிட்டுப் பூட்டுத் தையலை இழுக்கிறது. பூட்டு விழுந்த பிறகுதான் கட்டைவிரல் நகர்கிறது. கண்ணிகள் ஒரே உயரத்தில் நிற்பதற்காக ஓர் அட்டைத் துண்டை வைத்து அளக்கிறாள்.)

பெரியப்பா: கீழ் வரிசையிலிருந்து ஏன் தொடங்கினாய்? எதையும் மேலிருந்து கீழேதான் எழுதுவார்கள்.

வசந்தி: எழுத்து தொங்காது. கண்ணி கீழே விழும். மேலிருந்து தொடங்கினால் அடுத்த வரிசைக்கான துளைகளை அதுவே மூடிவிடும். அதனால்தான் சுற்றியுள்ள புல்லையும் வானத்தையும் முதலில் முடித்துவிட்டு, ஆட்டைக் கடைசியில் எடுத்தேன்.

பெரியப்பா: நூல் எவ்வளவு விழுங்குகிறது, பார்த்தாயா? புல்லுக்கு ஆன நூலைப்போலப் பல மடங்கு. செலவு பார்க்க வேண்டாமா? நேரம் வேறு. இப்படி உட்கார்ந்து பொழுதை வீணாக்குவதற்கு...

வசந்தி: பெரியப்பா, நேற்று மாலை தொலைக்காட்சியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நீங்கள் செய்தி முடிகிற வரை எழுந்திருக்கவில்லை. அப்போது இந்த வீட்டில் யாரும் பொழுது வீணாகிறது என்று சொல்லவில்லை. நாட்டு நடப்பு தெரிந்துகொள்கிறார் என்றார்கள். நான் ஊசியை எடுத்ததும்தான் எல்லோருக்கும் நேரத்தின் அருமை தெரிகிறது.

பெரியப்பா: (சற்று நேரம் கழித்து) நூல் தொங்குகிறது என்று மட்டும்தான் சொன்னேன்.

வசந்தி: தொங்கட்டும்.

பெரியப்பா: இறுக்க முடியாது, அவிழ்க்கவும் வராது. சரி, இருக்கவே இருக்கிறது கத்தரி. எல்லாவற்றையும் ஒட்ட நறுக்கி...

வசந்தி: வையுங்கள் கீழே! ஒரு கண்ணியில் கத்தரி பட்டாலும் பெரியப்பா என்றுகூடப் பார்க்க மாட்டேன்!

பெரியப்பா: சரி, சரி. இந்தா.

(வசந்தி கத்தரியை வாங்குகிறாள். ஆட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் நாயின் வாலில், அதே தையலில் போட்டிருந்த கண்ணிகளுக்குள் கத்தரி முனையை நுழைத்து ஒவ்வொன்றாக வெட்டுகிறாள்.)

பெரியப்பா: ஐயையோ! என்ன செய்கிறாய்?

வசந்தி: வெட்டுகிறேன்.

பெரியப்பா: நான் வெட்டினால் கொலை, நீ வெட்டினால் கலையா?

வசந்தி: ஆட்டுக்குச் சுருட்டை முடி, அதனால் கண்ணியாகவே விட்டேன். நாய்க்குப் புசுபுசு வால். வெட்டி, ஊசி முனையால் இழைகளைப் பிரித்துவிட்டு, மட்டமாகக் கத்தரிக்க வேண்டும்.

பெரியப்பா: பூட்டு?

வசந்தி: அடியில் இருக்கிறது. அதனால் வெட்டினாலும் உதிராது. துருக்கிக் கம்பளங்களில் இந்தப் பூட்டையேதான் முடிச்சாகப் போடுகிறார்கள். அதைப் பார்த்து 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நாற்காலிகளுக்கு இப்படி உறை செய்தார்கள்.

பெரியப்பா: நாற்காலிக்கு வெட்டி விட்டார்களா, தொங்கவிட்டார்களா?

வசந்தி: வெட்டித்தான்.

பெரியப்பா: பார்த்தாயா! முன்னூறு நானூறு வருடங்களுக்கு முன்பே என் கட்சிக்கு ஆள் இருந்திருக்கிறது... இரு, வால் ஏன் கறுத்துவிட்டது? முதலில் இந்த நிறம் இல்லையே. வேறு நூல் கலந்தாயா?

வசந்தி: அதே நூல்தான். வெட்டிய முனைகள் நிமிர்ந்து நிற்கும்போது நிறம் கொஞ்சம் அழுத்தமாகத் தெரியும்.

பெரியப்பா: நூல் அதே நூல், நிறம் வேறு. இதற்குக் கட்டாயம் விளக்கம் கேட்டு எழுதியிருப்பேன்.

வசந்தி: நாய் பதில் போடும்.

(வெட்டிய துணுக்குகள் மேசையிலும் தரையிலும் பெரியப்பாவின் சட்டையிலும் பறந்து ஒட்டிக்கொள்கின்றன.)

பெரியப்பா: இந்தக் குப்பையை யார் அள்ளுவது?

வசந்தி: குறை முதலில் யார் கண்ணில் படுகிறதோ, அவர்.

பெரியப்பா: நாங்கள் சுட்டிக்காட்டுவதோடு சரி. நடவடிக்கை வேறு துறை.

வசந்தி: துடைப்பம் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, பெரியப்பா.