அந்த வண்டி நின்றதற்குப் பிள்ளைகள் காரணமில்லை

காரைக்குடிப் பக்கத்து நண்பர்களுக்கு அந்தக் கண்காட்சி வீடியோவை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த ரோபோ வண்டி, தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியது, வளவுத் (வீட்டு முற்றத்துத்) தரையில் கொஞ்ச தூரம் ஓடித் திணறி நின்றது. "இதுங்களுக்கு ரோபோவெல்லாம் எதுக்கு, முதல்ல வாய்ப்பாடு படிக்கட்டும்" என்று மைக்கிலேயே சொன்னார்கள். பரிசு, கடையில் வாங்கி ரிமோட்டில் ஓட்டிய வண்டிக்குப் போனது. அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

வண்டி நின்றதற்குக் காரணம் தரை, வெயில், பேட்டரி. பிள்ளைகள் அல்ல.

அது ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பதால்தான் அந்தக் கல்லுக்கு அத்தனை பளபளப்பு. வண்டியின் அடியிலிருக்கும் சென்சார் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. வெள்ளையில் நிறையத் திரும்பும், கறுப்பில் குறையும். கல்லிலேயே கறுப்புப் பூ இருந்தால் அதையும் கோடு என்றுதான் எடுத்துக்கொள்ளும். போதாததற்கு முற்றத்து வெயில். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. அது நேராக விழுந்தால் கறுப்பு டேப்பும் சென்சாருக்கு வெள்ளைதான். சென்சாரைத் தரையிலிருந்து 5 மில்லிமீட்டர் அளவில் இறக்கி, சுற்றிக் கறுப்பு அட்டை ஒட்டி, அதே இடத்தில் வெள்ளையிலும் கறுப்பிலும் அளவெடுத்து நடு எண்ணை எல்லையாக வைக்க வேண்டும். இந்த மாதிரி சென்சாரில் ஒளி நிறையத் திரும்பினால் எண் குறையும்: வெள்ளையில் 80, கறுப்பில் 720 என்றால் எல்லை 400, அதற்கு மேலே போனால் கறுப்பு. அளந்து பார்க்க அவர்களுக்குப் பத்து நிமிஷம் கொடுத்தோமா?

பேட்டரிக்கு வருவோம். சின்னச் சதுர 9 வோல்ட் பேட்டரி அதிக மின்னோட்டம் தரும்படி செய்யப்பட்டதல்ல. இப்படிப்பட்ட வண்டிகளில் போடும் மஞ்சள் மோட்டாரின் சக்கரம் தடைபட்டால் ஒன்றே 1 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். உடனே வோல்ட் சரியும், வண்டியின் மூளையான ஆர்டுயினோ பலகை அணைந்து மறுபடி தொடங்கும், வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். வீடியோவில் தெரிவது அதுதான். சார்ஜ் செய்யும் 1.2 வோல்ட் செல் ஆறு போட்டால் 7.2 வோல்ட். பலகை சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் விடும் எல்298என் டிரைவர் ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தின்றுவிடும், மீதி 5 மோட்டாருக்குப் போதும். பலகைக்குத் தனி மின்சாரம் கொடுங்கள், ஆனால் இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ் கம்பியையும்) சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் பலகை சொல்வது டிரைவருக்குப் புரியாது.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1953-இல் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) திறந்த ஊர் இது. பேட்டரியை ஆராயும் ஊரில் பேட்டரி சரிந்ததற்குப் பிள்ளையைத் திட்டுகிறோம்.

"கரண்டு ஆபத்து" என்பார்கள். 7 வோல்ட்டில் ஷாக் அடிக்காது. லித்தியம் செல்லைத்தான் இந்த வயதில் கொடுக்கக் கூடாது. ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். "பரீட்சையில் வராது" என்பதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. "ஆசிரியருக்கே தெரியாதே" என்பது நியாயம். அவருக்கு முதலில் பயிற்சி வேண்டும், கருவிப் பெட்டி அப்புறம். பள்ளியில் அமைக்கும் அடல் ஆய்வகத்துக்கு ஒன்றிய அரசு 20 லட்சம் வரை தருகிறார்கள், ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் உள்ளே போகலாம். உள்ளே போன பிள்ளையின் கையில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

ஜப்பானில் 2012 முதல் நடுநிலை வகுப்பின் தொழில்நுட்பப் பாடத்திலேயே நிரல் மூலம் அளவீடும் கட்டுப்பாடும் கட்டாயம். பிரிட்டனில் 2016-இல் பதினோரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதிப் பழகும் மைக்ரோபிட் பலகையை இலவசமாகக் கொடுத்தார்கள். பின்லாந்தில் கைவேலை 1866-இலிருந்தே பள்ளிப் பாடம். நாமும் நம் ஊர்க் கைப்பழக்கத்திலிருந்து தொடங்கலாம். இங்கே கொட்டான் (ஓலைக் கூடை) முடையும் ஆச்சி ஓலையை ஒன்று விட்டு ஒன்று எண்ணி எடுப்பதும், அதையே அடுத்த சுற்றில் திருப்பிச் செய்வதும் நிரலில் வரும் சுழற்சிதான். அந்த ஆச்சியை வகுப்புக்குக் கூப்பிடுங்கள்.

அடுத்த கண்காட்சிக்கு ஆறடிக்கு நாலடி வெள்ளை பிளெக்ஸ் ஒன்று விரியுங்கள், பளபளப்பில்லாத பக்கம் மேலே இருக்கட்டும். கறுப்பு டேப்பை ஒட்டும் முன் சென்சாரில் காட்டிப் பாருங்கள், சில கறுப்பு அகச்சிவப்பில் வெள்ளையாகத் தெரியும். முற்றத்துக்கு மேலே பந்தல் துணி கட்டுங்கள். அதே பிள்ளைகளை, அதே வண்டியோடு கூப்பிடுங்கள்.