ரத்தம் பரிசோதித்தால் மானம் போய்விடுமாம்

சங்கத்து ஆண்டு விழாவில் நடக்க இருந்த, பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவுக்கான பரிசோதனை முகாமை ரத்து செய்துவிட்டார்கள். குரூப்பில் இருப்பவர்களுக்குக் கதை தெரியும். 'நம்ம ஆட்களுக்கு ரத்தத்துல கோளாறுன்னு ஊர் பேசும், பொண்ணுங்களுக்கு வரன் அமையாது' என்று ஒரு பெரியவரின் ஆடியோ. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு. அந்த நேரத்தில் இப்போது பட்டிமன்றமாம். நடக்கட்டும்.

இதே ஆடியோவை பிரிட்டிஷ் ராணுவம் அப்போதே போட்டுவிட்டது. டேவிட் வெதரால், லிவர்பூல்காரர். படிப்பை முடித்த கையோடு கட்டாய ராணுவ சேவைக்காக சிங்கப்பூர் போன இளம் டாக்டர். அங்கே குழந்தைகள் வார்டில் ஒரு கூர்க்கா சிப்பாயின் மகள், ரத்தம் ஏற்றி ஏற்றித்தான் உயிரோடு இருந்தாள். கார் பேட்டரியும் வடிதாளும் வைத்து, ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்த்து, தலசீமியா என்று கண்டுபிடித்தார். 1960இல் கட்டுரை வந்தது. பாராட்டா கிடைத்தது? எங்கள் கூர்க்காக்களுக்குக் கெட்ட மரபணு என்று எழுதுவதா என மேலிடத்தில் கண்டிப்பு. அங்கேயும் குழந்தையைவிடக் கௌரவம்தான் பெரிது.

மனிதர் விடவில்லை. ஹீமோகுளோபினில் ஆல்பா சங்கிலி இரண்டு, பீட்டா இரண்டு. தலசீமியாவில் ஒன்று குறைகிறது, ஜோடி கிடைக்காமல் மிஞ்சும் மற்றது செல்லுக்குள்ளேயே படிந்து அதைச் சிதைக்கிறது. 1965இல் சக ஆராய்ச்சியாளர் ஜான் கிளெக்கோடு சேர்ந்து இந்தக் கணக்கை அளந்து காட்டினார். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு, பிற்காலத்தில் இலங்கையின் குருநாகல் நோயாளிகள் என்று 2018இல் சாகும்வரை இதே வேலை. ஒரு புரதத்துக்கு ஒரு ஆயுள். நமக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க மனசில்லை.

'நீ என்ன டாக்டரா?' இல்லை. என் அக்கா மகனுக்கு தலசீமியா மேஜர், அதாவது கடுமையான வகை. மாமன் மகனைத்தான் கட்டினாள், ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம். பொருந்தாத அந்தப் பத்தாவதைப் பற்றித்தான் வீட்டில் ரொம்ப நாள் பேச்சு. இரண்டு பேருமே கேரியர், அதாவது நோய் இல்லாமல் குறையுள்ள மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் என்று தெரிந்தபோது பையனுக்கு எட்டு மாதம். சின்ன வயதில், ஏற்றும் ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற ராத்திரி முழுக்க வயிற்றில் ஊசி, தலையணைக்குக் கீழே பம்ப். காலையில் ஊசி எடுத்த இடம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கும். அன்றைக்கு எந்தப் பக்கம் குத்துவது என்று அவனே சட்டையைத் தூக்கிக் காட்டுவான்.

இந்தப் பிள்ளைக்குத்தான் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுக்கச் சொல்லி குரூப்பில் வைத்தியம். ஏற்றுகிற ரத்தத்தால் உடம்பில் இரும்பு ஏற்கெனவே மிதமிஞ்சிக் கிடக்கிறது ஐயா.

பெண்களுக்கு வரன் தட்டிப்போகும் என்ற பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். நானும் கேரியர். ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 5.1 சதவீதம், சாதாரணமாக 3.5க்குள் இருக்க வேண்டியது. அம்மா அதைப் பஞ்சாங்கத்துக்கு அடியில் ஒளித்து வைத்தார். நான் எடுத்துக் காட்டினேன், இரண்டு இடம் தட்டிப்போனது. ஒரு வீட்டில் நான் குடித்த காபி டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்கள், கூடத்திலிருந்தே தெரிந்தது. மூன்றாவதாக வந்தவள் தானும் பரிசோதித்துக்கொண்டு வந்தாள். அவள் கேரியர் இல்லை, ஆகவே எங்கள் பிள்ளைக்கு மேஜர் வராது. அவ்வளவுதான் விஷயம். இருவரும் கேரியராக இருந்தால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. சைப்ரஸில் சர்ச்சே பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் கல்யாணம் நடத்துவதில்லை. அங்கே தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய இல்லை என்றே ஆகிவிட்டது. அந்த ஊரில் யாருக்கும் வரன் அமையாமலா போய்விட்டது?

அக்காவிடம் முகாம் ரத்து என்று சொன்னேன். 'விடுடா, எங்க மாமியார் இன்னும் என் ரத்தம்தான் கெட்டதுன்னு சொல்றாங்க' என்றாள். பையனின் பாதி ரத்தம் அந்த மாமியாரின் மகனுடையது. இதை எந்தப் பட்டிமன்றத்தில் பேசுவது?

வியாழக்கிழமை அக்கா மகனுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். பி பாசிட்டிவ், இரண்டு யூனிட். மதுரையில் இருப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். சங்கத்துக்காரர்களும் வரலாம்.