பல்லில்லாத தாடைக்கு ரொபோவாம், மில்லிமீற்றர் கணக்கை வடிவாக் கேளுங்கோ

எங்கட திருகோணமலைக் குடும்ப வாட்ஸப் குறூப்புகள் எல்லாத்திலயும் இப்ப ரொபோ பல்லு இம்ப்ளாண்ட் (தாடை எலும்புக்குள்ள முறுக்கிற செயற்கைப் பல்லு வேர்) வைக்கிற வீடியோ ஒண்டு சுத்துது, மயிரிழையும் தவறாதாம். உப்புவெளியில இருக்கிற சித்தி, வாயில ஒரு பல்லும் இல்லாதவ, "தம்பி உது எனக்குச் சரிவருமோ, காப்பை அடகு வைக்கட்டோ" எண்டு கேட்டவ. அதுக்காகத்தான் தேடித்தேடி வாசிச்சன். ரொபோவின்ர துல்லியம் பொய்யில்லை. ஆனா பல்லே இல்லாத தாடையில அந்தத் துல்லியம் முழுக்க, தாடை நிக்கிற இடத்தை ரொபோவுக்குக் காட்டுற மார்க்கர் எண்ட அடையாளத்தை எங்க, எப்பிடிப் பூட்டினது எண்டதிலதான் நிக்குது. இதை ஒருத்தரும் கதைக்கிறேல்ல.

கொஞ்சப் பல்லு மிச்சம் இருக்கிற ஆளுக்கு மார்க்கரை அந்தப் பல்லிலயே இறுக்கலாம். ரொபோ அதைப் பாத்துத்தான் தாடை எங்க நிக்குது எண்டு கணக்கெடுக்குது, ஆள் தலையைத் திருப்பினா ரொபோவின்ர கையும் கூடவே திரும்பும். பல்லே இல்லாட்டி என்னத்தில இறுக்கிறது? முரசு விரலால அமத்தினாலே உள்ள போகும், விறைப்பு ஊசி போட்டா ஊதும், அதுக்கு மேல சும்மா வச்சது நங்கூரம் போடாத தோணிதான். அதால சின்ன ஸ்க்ரூக்களை முரசுக்குள்ளால எலும்பிலயே முறுக்கி அதிலதான் மார்க்கரைப் பூட்டுவினம். அந்த ஸ்க்ரூ துளி ஆடினாலும் திரையில எல்லாம் சரி எண்டுதான் காட்டும், வாய்க்குள்ள இடம் மாறியிருக்கும்.

யோமி எண்ட ரொபோவுக்கு மருந்து, மருத்துவக் கருவிகளைப் பாக்கிற அமெரிக்க அரச அமைப்பு எஃப்டிஏ 2016 கடைசியில அனுமதி குடுத்தது, அதில ட்ரில்லை டொக்டர்தான் பிடிக்கிறவர், பாதை விலகாமப் பாக்கிறது ரொபோ. 2017இல சீனாவின்ர சியான் நகரத்தில ரொபோ தானாவே ஒரு பெண்ணுக்கு ரெண்டு இம்ப்ளாண்ட் வச்சது, 0.2, 0.3 மில்லிமீற்றர்தான் விலகல் எண்டு செய்தி வந்தது. விளம்பரக்காரர் தூக்கிப்பிடிக்கிறது இந்த மாதிரி இலக்கங்களைத்தான்.

ரொபோ இல்லாம, ட்ரில் போற வழிக்குத் துளை வச்சுப் பிரிண்ட் பண்ணின கைட் எண்ட அச்சை வாயில மாட்டிச் செய்த ஆய்வுகளை 2018இல ஒண்டாச் சேத்துப் பாத்தபோது, சராசரி விலகல் இம்ப்ளாண்டின்ர முரசுப்பக்க முனையில 1.2 மில்லிமீற்றர், எலும்புக்குள்ள இருக்கிற நுனியில 1.4, சாய்வு 3.5 பாகை. ரொபோ ஆய்வுகளில, பல்லில்லாத தாடையிலயும், பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்குக் கீழதான். இது லேசுப்பட்ட வித்தியாசமில்லை. கீழ்த்தாடைக்குள்ளால உதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி குடுக்கிற நரம்பு ஓடுது, அதில இருந்து 2 மில்லிமீற்றராவது தள்ளி நிக்கவேணும் எண்டுதான் வழமையாத் திட்டம் போடுறவை, பல்லுப் பிடுங்கிக் கனகாலமான ஆக்களுக்கு எலும்பு கரைஞ்சு உயரமும் குறைஞ்சிருக்கும். ஆனா சராசரியை வச்சு சித்தியின்ர வாயைக் கணக்கெடுக்கேலாது. அவவுக்குத் தெரியவேண்டியது ஆகக்கூடின பிழை எவ்வளவு எண்டதுதான். இந்த ஆய்வுகள் கனக்க, கைதேர்ந்த டொக்டர்மார் கொஞ்சப் பேருக்குச் செய்தவை எண்டதையும் மறக்கக்கூடாது.

சித்தி சோத்துக்கு முன்னால இருந்தா முதல்ல கீழ்க் கட்டுப்பல்லைக் கழட்டித் தண்ணிக் கோப்பைக்குள்ள போடுவா, பிறகு சூடை மீனை விரலால மசிச்சுத்தான் வாயில வைப்பா. கதைக்கேக்கயும் அது எழும்பி எழும்பி வரும். இதுக்கு 2002இல மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில கூடின நிபுணர்கள், கீழ்த்தாடைக்கு ரெண்டே ரெண்டு இம்ப்ளாண்ட் வச்சு அதில கட்டுப்பல்லைக் கொழுவுறதுதான் முதல் தெரிவா இருக்கவேணும் எண்டு சொல்லிட்டினம். அந்த ரெண்டும் தாடையின்ர முன்பக்கம், நரம்பு வெளிய வாற துவாரத்துக்கு முன்னால வைக்கிறது, ஆபத்துக் குறைவு. நல்ல ஸ்கானும் பழகின கையும் இருந்தா அதுக்கு ரொபோ தேவைப்படாது எண்டதுதான் என்ர கருத்து. எலும்பு அடியோட கரைஞ்சு போனவைக்கு, முழுத்தாடைக்கும் அசையாத பல்லு வைக்கிறவைக்கு ரொபோ வந்தா நான் வரவேற்பன். மற்றவை அதுக்காகக் காப்பை அடகு வைக்கிறது எனக்கு வயித்தெரிச்சல். எங்கட அரசாங்க ஆசுப்பத்திரிகளில அந்த ரெண்டு இம்ப்ளாண்டும் சாதாரண சனத்துக்குக் கிடைக்கவேணும் எண்டுதான் முதல்ல கேக்கவேணும்.

ஆராவது பல்லில்லாத தாடைக்கு ரொபோவால செய்திருந்தா கீழ எழுதுங்கோ. மேலயோ கீழயோ, மார்க்கரை எலும்பில பூட்டினவையோ, வச்சு முடிச்ச பிறகு திரும்ப ஸ்கான் எடுத்துத் திட்டத்தோட ஒப்பிட்டுக் காட்டினவையோ எண்டதைக் கட்டாயம் சொல்லுங்கோ. சித்திக்கு வாசிச்சுக் காட்டோணும்.