வரி அதிகம் என்பதாலா அமெரிக்கா பிரிந்தது?

அமெரிக்க சுதந்திரப் போர் என்றாலே "வரி தாங்காமல் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், அப்புறம் சண்டை வந்தது" என்று ரெண்டு வரியில் முடித்துவிடுகிறோம். கதை அப்படி இல்லை. அந்தத் தேயிலை விற்பனைக்குப் போயிருந்தால், அதுவரை முறைப்படி வரி கட்டி இறங்கிய தேயிலையைவிட மலிவாகவே கிடைத்திருக்கும்.

1763இல் பிரான்ஸோடு நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனுக்கு 12 கோடி பவுண்டுக்கு மேல் கடன். அமெரிக்காவில் தன் ஆட்சியில் இருந்த காலனிகளும் கொஞ்சம் தரட்டும் என்று லண்டன் நினைத்ததில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன், இங்கிலாந்துக்காரன் அமெரிக்கக் காலனிக்காரனைவிடப் பல மடங்கு வரி கட்டிக்கொண்டிருந்தான். ஆனால் 1765இல் வந்த முத்திரை வரி எல்லார் வீட்டுக்குள்ளும் புகுந்தது. செய்தித்தாள், பஞ்சாங்கம், கோர்ட் பத்திரம் என எல்லாவற்றுக்கும் முத்திரை; சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், பகடைக்கு 10 ஷில்லிங். வழக்கு வந்தால் ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) இல்லாத நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகலாம். பாஸ்டனில் முத்திரைத்தாள் முகவர் ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை மரத்தில் தொங்கவிட்டார்கள், மனுஷன் பதவியே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். நம் ஆள் ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் நம் பையில் எப்படிக் கைவைக்கலாம் என்பதுதான் அவர்கள் கேள்வி.

1766இல் அந்த வரியை ரத்து செய்தார்கள். சரி, அதோடு விட்டிருக்கலாம். அதே கையோடு இன்னொரு சட்டம் போட்டார்கள்: எந்த விஷயமானாலும் காலனிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் போடும் முழு அதிகாரம் எங்களுக்கு உண்டு என்று. என்னைக் கேட்டால் போருக்கு விதை விழுந்தது இங்கேதான். அடுத்த வருஷமே கண்ணாடி, காகிதம், பெயின்ட், தேயிலை மேல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் பெயரில் வரி, 1768இல் பாஸ்டன் தெருக்களில் பட்டாளம், 1770 மார்ச்சில் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் சாவு. மற்ற வரிகளை எடுத்தார்கள், தேயிலைக்கு மட்டும் ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வைத்துக்கொண்டார்கள். வருமானத்தைவிட உரிமையை விட்டுத்தராமல் இருப்பதற்காகத்தான் அது.

1773இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்குகளில் தேயிலை மலையாகத் தேங்கிக் கிடந்தது. அதை நேராக அமெரிக்காவில் மலிவாக விற்க லண்டன் வழி செய்தது, அந்த 3 பென்ஸ் வரியை மட்டும் எடுக்கவில்லை. ஆமாம், 1765இல் வங்காளத்தில் வரி வசூலிக்கும் திவானி உரிமை வாங்கிய அதே கம்பெனிதான். 1770 வங்காளப் பஞ்சத்தில் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்த செய்தி அமெரிக்காவுக்கும் போயிருந்தது. ஆசியாவில் இவர்கள் செய்ததைப் பாருங்கள் என்று பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் அதைச் சொல்லியே எச்சரித்து எழுதினார். நம்மூர்ப் பாடங்களில் இந்தத் தொடர்பை அழுத்திச் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. டிசம்பர் 16 இரவு பாஸ்டன்காரர்கள் துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல்களில் ஏறி 342 தேயிலைப் பெட்டிகளைக் கோடாலியால் உடைத்துக் கடலில் தள்ளினார்கள்.

அப்போதும்கூடப் பல காலனிகளில் நிறைய பேர் பாஸ்டன்காரர்கள் எல்லை மீறிவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள். எல்லாரையும் ஒன்றாக்கியது 1774இல் லண்டன் கொடுத்த தண்டனை. பாஸ்டன் துறைமுகத்தையே மூடினார்கள், ஊர்க்கூட்டம் போட கவர்னரிடம் அனுமதி கேள் என்றார்கள். ஒரு ஊருக்கு நடந்தது நாளைக்கு நமக்கும் நடக்கும் என்று மற்றவர்களுக்கு உறைத்தது. தென் கரோலினாவிலிருந்து அரிசி வந்தது, கனெக்டிகட்டிலிருந்து ஆடுகளை ஓட்டி வந்தார்கள். செப்டம்பரில் 12 காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். 1775 ஏப்ரல் 19 அன்று பாஸ்டனுக்குப் பக்கத்தில் கான்கார்டில் காலனிக்காரர்கள் வைத்திருந்த ஆயுதங்களைப் பறிக்கக் கிளம்பிய பிரிட்டிஷ் படையோடு வழியில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது.

அதற்குப் பிறகும் ஜூலையில் ராஜாவுக்குச் சமாதான மனு அனுப்பினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆகஸ்டில் ராஜா இவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். (அடிமைகளை வைத்துக்கொண்டே சுதந்திரம் பேசியவர்கள் இவர்களில் நிறைய பேர் என்பதை மறைக்கக் கூடாது, அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

சந்தேகம் இருந்தால் 1776 சுதந்திரப் பிரகடனத்தையே எடுத்துப் படியுங்கள். ராஜா மேல் 27 குற்றச்சாட்டு இருக்கிறது. சம்மதம் இல்லாமல் வரி போட்டது அதில் ஒரே ஒரு வரிதான். மற்றவை சட்டசபையைக் கலைத்தது, நீதிபதியைக் கையில் போட்டுக்கொண்டது, ஜூரியைப் பறித்தது, ஊருக்குள் பட்டாளத்தை நிறுத்தியது போன்றவை பற்றி.