சூரியப் புயலுக்கு மெயின் சுவிட்சை அணைக்க வேண்டுமா?

"இன்றிரவு சூரியப் புயல். மெயின் சுவிட்சை அணையுங்கள், இல்லாவிட்டால் பிரிட்ஜ் எரிந்துவிடும்" என்று கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

சூரியப் புயல், அதாவது சூரியனிலிருந்து சீறிவரும் மின்னேற்றத் துகள்களும் காந்தப்புலமும், பூமியின் காந்தப்புலத்தைக் குலைக்கும்போது நிலத்தில் மின்னழுத்தம் எழும். கடும் புயலில்கூடப் பெரும்பாலும் கிலோமீட்டருக்குச் சில வோல்ட்தான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் உயரழுத்தக் கம்பிகளில் அது சேர்ந்து, மின்னோட்டமாகப் புவித்தொடுப்பு (எர்த்) வழியாக மின்மாற்றிக்குள் பாய்ந்து அதைச் சூடாக்கும். வீட்டு வயரிங் அதற்கு மிகவும் குட்டை.

1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் சுமார் 90 விநாடிகளில் மின்வலையமைப்பே விழுந்தது. ஏறத்தாழ 60 இலட்சம் பேர் 9 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள். அப்புறம் அங்கே நீண்ட கம்பிகளில் தொடர் மின்தேக்கிகளைப் பொருத்தினார்கள். அவை இந்த ஓட்டத்தைத் தடுக்கும். இப்புயலின் தாக்கம் காந்தத் துருவங்கள் பக்கம்தான் கூட; கியூபெக் வட காந்தத் துருவத்துக்கு ஓரளவு கிட்ட இருக்கிறது. கொழும்போ நிலநடுக்கோட்டுப் பக்கம். ஆபத்து மிகக் குறைவு.

தயவுசெய்து இன்சுலின் வைத்திருக்கும் பிரிட்ஜை இரவு முழுக்க அணைக்காதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் வரும் பின்னேர இடிமின்னல்தான் இங்கே வீட்டுச் சாமான்களைக் கெடுக்கும். வானம் இருளத் தொடங்கியதுமே டீவி, ரவுட்டர் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள்.