முதலில் ‘போதும்’ சொல்லக் கற்றுக்கொடுங்கள்

“கலர் எல்லாம் சொல்லுவான், ஏபிசிடி தலைகீழா வரும்.” ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தையைப் பற்றிப் பெற்றோர் பெருமையாகச் சொல்வது இதுதான். நல்லது. வயிறு நிறைந்த பிறகும் ஊட்டினால் பிள்ளை என்ன செய்வான்? தட்டைத் தள்ளுவான், கையைக் கடிப்பான். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அடம்.

கலரையும் கிழமையையும் ஒரு வருஷம் தள்ளிப்போடலாம். ‘போதும்’, ‘வேண்டாம்’, ‘உதவி’ மூன்றையும் தள்ளிப்போட முடியாது. பேச்சு வரவில்லையென்றால், சொல்லுக்குப் பதில் படம் போட்ட அட்டையை நீட்டப் பழக்குங்கள். அட்டை பழகினால் பேச்சு வராது என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள்.

‘போதும்’ அட்டை இப்படி: ஐந்து சென்டிமீட்டர் சதுரத்தில் நிறுத்தச் சொல்லும் கையின் படம். ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து பின்னால் வெல்க்ரோ ஒட்டுங்கள். தொலையும், அதனால் நாலைந்தாக எடுங்கள். சாப்பிடும் இடத்தில் ஒன்று, பள்ளிப்பையில் ஒன்று, பிள்ளையின் இடுப்பில் ஒன்று. (ஃபிரிட்ஜ் மேல் அழகாக ஒட்டி வைப்பது வருகிற விருந்தாளிக்குக் காட்டத்தான் உதவும்.)

பழக்க இரண்டு பேர் வேண்டும். கொஞ்சமாகப் பிடிக்காத வேலையாகப் பாருங்கள், தலை வாருவது போல. ஒருவர் எதிரில் உட்கார்ந்து வாருகிறார். பிள்ளை முகத்தைத் திருப்பத் தொடங்கும் அந்த நொடியிலேயே, பின்னால் இருப்பவர் வாயே திறக்காமல் அவன் கையைப் பிடித்து அட்டையை எடுத்து எதிரில் உள்ளவர் உள்ளங்கையில் வைக்கச் செய்கிறார். எதிரில் உள்ளவர் “போதும்” என்று ஒரே முறை சொல்லிச் சீப்பைக் கீழே வைத்துவிட வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் கையைப் பிடிப்பது முழங்கையைத் தொடுவதாகக் குறைந்து, பிறகு அதுவும் நிற்கும். “என்ன வேணும், சொல்லு” என்று இடையில் கேட்காதீர்கள். கேட்டால், கேள்வி வந்தால்தான் அட்டை எடுக்க வேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொள்வான்.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: “இன்னும் ஒரே ஒரு வாய், கண்ணு.” அட்டை கொடுத்தும் நிற்கவில்லை, கடித்ததும் நின்றது. எது வேலை செய்கிறது என்பதில் பிள்ளைக்குக் குழப்பமே இருக்காது. எல்லாவற்றுக்கும் அட்டையை நீட்டுவானே என்றால், முதல் சில வாரம் நீட்டத்தான் செய்வான்; பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு விரலைக் காட்டி “இன்னும் ரெண்டு, அப்புறம் போதும்” என்று நேரத்தை மெல்லக் கூட்டலாம். ஊசி, மருந்து, சாலை கடப்பது போன்று பாதியில் நிறுத்த முடியாதவற்றில் அட்டையைக் காட்டவே வேண்டாம். என்ன நடக்கப்போகிறது என்று படம் வைத்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பேசும் பிள்ளைகளிடம் இன்னொரு சங்கதி. “தண்ணி வேணுமா?” என்றால் அவனும் “தண்ணி வேணுமா?” என்பான். கிண்டல் இல்லை, பல நேரம் அவன் தண்ணீர் கேட்கும் விதமே அதுதான். தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே அவன் சொல்லவேண்டிய வடிவத்தில் “தண்ணி வேணும்” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும் வரை வாயை மூடிக் காத்திருங்கள். நம்மால் முடியாத பயிற்சி இதுதான்! கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி முகவாயைப் பிடித்துத் திருப்பும் வழக்கத்தை இன்றே விட்டுவிடலாம். பார்க்காமலே கேட்கிற பிள்ளைகள் நிறைய.

புதுச்சேரி சண்டே மார்க்கெட்டிலோ மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக் கூட்டத்திலோ பிள்ளை வெடித்துவிட்டால் அது பாடம் நடத்தும் நேரம் அல்ல. வெடிப்பதற்கு முன்பே காதைப் பொத்துவான், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பான், முனகல் சத்தம் கூடும். அப்போதே கிளம்புங்கள். தாண்டிவிட்டால் சத்தம் குறைந்த சந்துக்குக் கூட்டிப்போய், பேச்சை இரண்டு சொல்லோடு நிறுத்துங்கள். அழுத்திக் கட்டிப்பிடிப்பது சில பிள்ளைகளுக்கு இதம், சிலருக்கு எரிச்சல்; இதை வீட்டில் அமைதியான நேரத்திலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். அடங்கிய உடனே “ஏன் அப்படிப் பண்ணே?” என்று ஆரம்பித்தால் மறுபடி ஏறும். கடற்கரை காட்ட வேண்டுமென்றால், பீச் ரோட்டில் வண்டி விடாத விடியற்காலைதான் நல்ல நேரம்.

வெடிப்பு திடீரென்று கூடினால் முதலில் பல், காது, மலச்சிக்கல், தூக்கம் நான்கையும் மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள். வலி எங்கே என்று சொல்லத் தெரியாத பிள்ளை தலையைத்தான் சுவரில் முட்டுவான்.

அட்டையில் ஒரு பிரதியைப் பள்ளி வேன் ஆயாவிடமும் கொடுத்து வையுங்கள். டீச்சருக்குச் சொன்னவர்கள் பலர் ஆயாவை மறந்துவிடுகிறார்கள். காலையும் மாலையும் பிள்ளை அவரோடுதான் வருகிறான்.